மூன்றாம் எண் நாயின் வலது பின்கால்

ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். ஒன்பது.

பிரியமுள்ள எப்சி அத்தைக்கு,

அந்த ஒன்பது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, உங்களுக்குத் தெரியும். போன அக்டோபரில் நான் எடுத்த வீடியோ ஒன்று இருக்கிறது. பதினாறு விநாடி. நம் வகுப்பு நடக்கும் உப்புக் கிட்டங்கியின் சிமெண்டு முற்றத்தில் ஒரு சிப்பிப்பாறை நாய் வட்டமாக ஓடுகிறது. மொத்தம் முப்பத்தொரு எட்டு வைக்கிறது. அதில் ஒன்பது தடவை வலது பின்கால் நகம் தரையில் உரசுகிறது. 'சரக்' என்று ஒரு சத்தம். கண்ணுக்குத் தெரியவில்லை. காதுக்குத் தெரிகிறது.

நீங்கள் இதை அன்றைக்கே சொன்னீர்கள். நான் உங்களை ஃபெயில் ஆக்கினேன்.

நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. நம் நாய் வளர்ப்போர் சங்கத்தின் ஆண்டு மலரில் உங்களுக்கு நினைவஞ்சலி எழுதித் தரச் சொன்னார்கள். "சிரித்த முகம், நாய்களிடம் பிரியம்" என்று அரைப் பக்கம் எதிர்பார்த்திருப்பார்கள். இதைத்தான் கொடுக்கப்போகிறேன். போட்டால் போடட்டும்.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்களை உங்களுக்கே அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் என் அப்பாவின் தங்கை. நாசரேத்தில் முப்பது வருடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினீர்கள். மாமா சிப்பிப்பாறை வளர்த்தார், எங்கே கண்காட்சி நடந்தாலும் நாயை வேனில் ஏற்றிக்கொண்டு போவார். நீங்கள் டிபன் கூடையைத் தூக்கிக்கொண்டு கூடவே போவீர்கள். மாமா போன பிறகு கூடையும் நாய்களும் மிஞ்சின.

போன வருடம் ஒரு நாள் போன் செய்தீர்கள். நான் துறைமுகத்தில் கிரேன் மேல் வேலையாக இருந்தேன்.

"ஏலே சாமு, அந்த ஜட்ஜ் வகுப்புக்கு வயசு வரம்பு உண்டாலே?"

"யாருக்கு அத்தை?"

"எனக்குத்தான். உங்க மாமா இருந்தவரைக்கும் கண்காட்சிக் கயித்துக்கு வெளியவே நின்னுட்டேன். இருபது வருஷம். ஒரு வாட்டி கயித்துக்கு உள்ள நின்னு பாக்கணும்."

"நாள் பூரா நிக்கணும் அத்தை. உங்க முழங்காலுக்கு ஆகாது."

"நிக்கிறதுக்கா பரீட்சை வைக்கீங்க? பாக்கிறதுக்குத்தான?"

விண்ணப்பத்தை அனுப்பிவைத்தேன்.

நடுவர் ஆக விரும்புகிறவர்களுக்கு நம் சங்கம் நடத்தும் வகுப்பில் நாயின் நடையை மதிப்பிடுவது மட்டும் என் பாடம். அதற்கு இருபத்தொன்பது வயதுப் பயல் எப்படி வந்தான் என்று சிலருக்கு இன்னும் புகைச்சல் உண்டு. காரணம் எளிது. நான் இன்ஜினியர். ஓடுகிற நாயை ஸ்லோமோஷனில் எடுத்து, எலும்புகளின் மேல் கோடு போட்டு, தோள்பட்டை எத்தனை டிகிரி, முழங்கால் எத்தனை டிகிரி என்று காட்டுவேன். அதுவரைக்கும் "நடை ராஜா மாதிரி இருக்கு" என்று எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு அது புதுசாக இருந்தது.

நான் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். நிற்கிற நாயை, அதைப் பிடித்து நடத்துகிற ஹேண்ட்லர் எப்படி வேண்டுமானாலும் அழகாக்கிக் காட்டலாம். காலை இழுத்து வைக்கலாம், கழுத்தைத் தூக்கிப் பிடிக்கலாம். ஓடவிட்டால் எலும்பு எப்படிக் கோத்திருக்கிறதோ அப்படித்தான் ஓடும். சிப்பிப்பாறை முயல் விரட்டப் பிறந்த சாதி. தரையை ஒட்டி நீளமாகப் போக வேண்டும், வீணாகத் துள்ளக் கூடாது. முன்கால் எட்டிப் பிடிக்க வேண்டும், பின்கால் உந்தித் தள்ள வேண்டும். போகும்போது பின்னாலிருந்து பாருங்கள், வரும்போது முன்னாலிருந்து பாருங்கள், சுற்றும்போது பக்கவாட்டில் பாருங்கள். மூன்றையும் பார்த்த பிறகுதான் பேனாவைத் திறக்க வேண்டும்.

இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அத்தை. திரும்பி வருவேன்.

முதல் வகுப்பில் எல்லாரும் கோணத்தைக் குறித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் கையைத் தூக்கினீர்கள்.

"மருமவனே, ஒரு சந்தேகம். ஏன் எல்லா நாயும் ஒரே பக்கமாவே சுத்துது?"

ஹேண்ட்லர் நாயை எப்போதும் இடது கைப்பக்கம் பிடிப்பார், வட்டத்தை இடது பக்கமாகவே சுற்றுவார், அப்போதுதான் நடுவில் நிற்கிற நடுவருக்கும் ஹேண்ட்லருக்கும் இடையில் நாய் வரும், ஆள் மறைக்க மாட்டார் என்றேன்.

"அப்ப ஜட்ஜ் எப்பவும் நாயோட இடது பக்கத்தைத்தான் பாப்பாரு."

"ஆமா."

"வலது பக்கத்தை யாருலே பாப்பா?"

"அதைக் கர்த்தர் பாப்பாரு."

வகுப்பே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். எனக்கு என் நகைச்சுவையைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

இடைவேளையில் உங்களைத் தனியே கூப்பிட்டேன். "இங்க நான் உங்க மருமகன் இல்ல, பயிற்சியாளர். முறை சொல்லிக் கூப்பிட்டா மத்தவங்க என்ன நினைப்பாங்க? சொந்தக்காரிக்குப் பாஸ் போட்டுட்டான்னு நாளைக்குப் பேச்சு வரும்." "சரி சார்" என்றீர்கள். கிண்டல் என்று நினைத்தேன். அதற்கப்புறம் ஒரு தடவைகூட மாற்றிக் கூப்பிடவில்லை. வகுப்பில் மட்டும் இல்லை, வீட்டுக்கு வந்தபோதும் வாய் தவறி "சார்" என்றுதான் வந்தது. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு ஏதோ குத்தியது. அப்போதே சரிசெய்திருக்கலாம். இரண்டு வார்த்தை வேலை. செய்யவில்லை.

உங்கள் காதைப் பற்றி நம் குடும்பத்தில் தெரியாதவர்கள் இல்லை. இருபது மெஷின் ஒரே சமயத்தில் தடதடவென்று அடிக்கும். நீங்கள் வாசல் பக்கம் திரும்பி நின்று ஃபீஸ் ரசீது எழுதிக்கொண்டிருப்பீர்கள். தலையைத் திருப்பாமலே, "கடைசி வரிசை, சன்னலோரம், ஏளா ஸ்டெல்லா, சுண்டு விரலை ஏன் சும்மா வச்சிருக்க? அதுக்கும் சேத்துத்தான ஃபீஸ் கட்டுத?" என்பீர்கள். ஸ்டெல்லா அக்கா மோதிர விரலால் அடித்துக்கொண்டிருப்பாள். ஆறாம் வகுப்பில் நான் அதைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறேன். அப்படியிருந்தும் அக்டோபரில் எனக்கு அது ஞாபகம் வரவில்லை. ஏன் வரவில்லை?

தேர்வு நாளைச் சொல்கிறேன். ஐந்து நாய்கள், ஏழு பேர். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று ஆறரைக்கே ஆரம்பித்தோம். எனக்கு ஒன்பது மணிக்குத் துறைமுகத்தில் ஷிப்ட். ஒவ்வொரு நாயும் நேராகப் போய்த் திரும்பி வரும், பிறகு ஒரு சுற்று சுற்றும். நீங்கள் எழுதித் தர வேண்டும். என் போன் முற்றத்தின் நடுவில் சுழலும் ஸ்டாண்டில் நின்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் எண், திரேஸ்புரம் அந்தோணி அண்ணாச்சியின் கப்பித்தான். மலரைப் படிக்கிறவர்களுக்கு: அந்தோணி ஐஸ் பிளாண்டில் வேலை பார்ப்பவர். தேர்வுக்கு நாய் வேண்டும் என்றதும், ஒரு பைசா கேட்காமல் அழைத்துவந்தார். சந்தன நிறம், ஒட்டிய வயிறு, உருவிவிட்டாற்போன்ற கால். கப்பித்தான் முற்றத்தில் இறங்கியதும் மற்ற நாய்க்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

சுற்று முடிந்தது. எல்லாரும் எழுத ஆரம்பித்தார்கள். நீங்கள் மட்டும் பேனாவை மூடியே வைத்திருந்தீர்கள்.

"சார், மூணாம் நம்பரை இன்னொரு சுத்து விடச் சொல்லுவீங்களா? எதிர்ப்பக்கமா."

"எதுக்கு?"

"பின்னங்கால் ஒண்ணு சரியா விழல."

"எந்தக் கால்?"

"தெரியல. தெரியலன்னுதான் கேக்குதேன். நமக்கு அந்தண்டைப் பக்கம் இருக்கிற காலா இருக்கும். சத்தம் வருது."

"என்ன சத்தம்?"

"ரெண்டு ரெண்டாத் தட்டிக்கிட்டே வருதுல்லா, நடுவுல நடுவுல ஒரு இழுப்பு."

கோவில்பட்டியிலிருந்து வந்த பேங்க்காரர் முருகேசன், "மேடம், அடுத்து தாளம் போட்டுக் காட்டுவாங்க" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"மேடம், இது டைப் கிளாஸ் இல்ல" என்றேன். "ரிங்குல எதிர்ச்சுத்து கிடையாது. கண்ணால பாத்ததை எழுதுங்க."

மேடம். முருகேசன் சொன்னதைக் கேட்டு அந்த வார்த்தையை நானும் சொன்னேன்.

நடுவருக்குச் சந்தேகம் வந்தால் எத்தனை சுற்று வேண்டுமானாலும் கேட்கலாம், எந்தப் பக்கமாகவும் கேட்கலாம். எந்த விதியும் தடுக்கவில்லை. அதையும் முதல் வகுப்பில் சொன்னவன் நான்தான். நீங்கள் ஞாபகப்படுத்தியிருக்கலாம். செய்யவில்லை. பேனாவைத் திறந்து எழுதினீர்கள். அந்தத் தாள் இப்போது என் மேஜையில் இருக்கிறது. உங்கள் கையெழுத்து, டைப் அடித்த மாதிரியே:

"எண் 3. இடது பக்க நடை மிக அழகு. வலது பக்கத்தை நான் பார்க்கவில்லை. பின்காலில் ஒன்று தரையை உரசுவதாகக் கேட்கிறது. எதிர்ச்சுற்றில் ஒருமுறை பார்க்காமல் இந்த நாய்க்கு இடம் தர என்னால் இயலாது."

அதன் கீழே சிவப்பு மையில் நான்: "ஊகம். நடுவர் காண்பதை மதிப்பிட வேண்டும், கேட்பதை அல்ல. தேர்ச்சி இல்லை."

அன்றைக்கு மற்ற ஆறு பேரும் கப்பித்தானுக்கு முதலிடம் கொடுத்தார்கள். நானும் பயிற்சியாளர் மதிப்பீட்டில் "நடை: மிக நன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அந்தோணியிடம் கொடுத்தேன். நீங்கள் டிபன் கூடையைத் திறந்து எல்லாருக்கும் இட்லி வைத்தீர்கள், முருகேசனுக்கு இரண்டு அதிகமாகவே. என்னிடம் வந்து, "சாப்பிட்டுட்டுப் போங்க சார், வயித்தைக் காயப்போடாதீங்க" என்றீர்கள். நேரமாச்சு என்று பைக்கை எடுத்தேன்.

அடுத்த வாரம் போன் வந்தது. "அடுத்த பரீட்சை எப்ப சார்?" அடுத்த அக்டோபர் என்றேன். "நல்லது, ஒரு வருஷம் இருக்கு, பழகிக்கிடுதேன்" என்றீர்கள். பிறகு, "அந்த மூணாம் நம்பர் எப்படி இருக்கு?" என்று கேட்டீர்கள். "அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கும். நான் மீட்டிங்ல இருக்கேன்" என்றேன். மீட்டிங் ஒன்றும் இல்லை. டீக் குடித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரியில் அப்பா போன் செய்தார். காலையில் நாய்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த நீங்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள் என்றார். அடக்கத்துக்கு வந்தேன். பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றேன்.

மே கடைசியில் அந்தோணி வகுப்புக்குக் கப்பித்தானை அழைத்துவந்தார். தேர்வுக்கு இல்லை, காட்டுவதற்கு. முற்றத்தில் நாய் நடந்து வந்தபோது யாருக்கும் காது தேவைப்படவில்லை. வலது பின்காலின் முன்பக்கம் தரையில் இழுபட்டு, இரண்டு நகம் தேய்ந்து ரத்தம் கட்டியிருந்தது. அன்றைக்கே கால்நடை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் நரம்பு அழுந்துகிறது என்றார்.

"எத்தனை நாளா இருக்கு?"

"இந்த மாசம்தான் பாத்தோம் டாக்டர்" என்றார் அந்தோணி.

"இது இந்த மாசம் வந்தது இல்ல. ஓட்டம் ஏதும் உண்டா?"

"டெய்லி பைக்குக்குப் பக்கத்துல ஓட்டுதேன். பீச் ரோட்டுல, அஞ்சு கிலோமீட்டர். நடை நல்லாருக்குன்னு சொன்னாங்க, இன்னும் நல்லா வரட்டுமேன்னு."

டாக்டரம்மா நாயின் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா ஏழு மாசம் முன்னாடி ஓய்வு குடுத்திருந்தா இன்னைக்கு வேற பேச்சு பேசியிருப்போம்" என்றார்.

வீட்டுக்கு வந்து பழைய வீடியோவைத் தேடினேன். வகுப்பில் போட்டுக் காட்டும் ஸ்லோமோஷனில் நான் சத்தத்தை அழித்துவிடுவேன். லாரி ஹாரனும் காக்காய்ச் சத்தமும் கவனத்தைக் கெடுக்குமாம். அதில் எத்தனை தடவை பார்த்தாலும் குறை தெரியாது, இடது கால் போய் வலது காலை மறைத்துக்கொள்ளும். அசல் படம் போனில் அப்படியே இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துக் கேட்டேன். இரண்டாவது விநாடியில் முதல் உரசல் வந்தது.

அத்தை, நான் துறைமுகத்தில் பார்க்கிற வேலை என்ன தெரியுமா? கிரேனில் பேரிங் எப்போது கெடும் என்று சத்தத்தையும் அதிர்வையும் வைத்து முன்கூட்டியே சொல்வது. கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் காத்திருந்தால் கிரேன் படுத்துவிடும், கப்பல் நின்றுவிடும் என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். சத்தத்தைக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவன், உங்கள் தாளில் "கேட்பதை அல்ல" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். இதற்கு நான் என்ன சமாதானம் சொல்ல?

போன ஞாயிறு திரேஸ்புரம் போனேன். அந்தோணி வீட்டில் கப்பித்தான் சாக்கு மேல் படுத்திருந்தான், காலில் குழந்தை சாக்ஸ். என்னைப் பார்த்ததும் எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு வந்தான். சாக்ஸ் பாதி வழியில் கழன்றுவிட்டது.

"ஏளா, சாருக்கு டீ போடு" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு அந்தோணி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சுவரில் மாதா படம். அதற்குப் பக்கத்தில், லேமினேட் செய்து, ஆணியில் மாட்டியிருந்தது என் தாள். "நடை: மிக நன்று." என் கையெழுத்து.

"அதைக் கழத்திருங்க அண்ணாச்சி" என்றேன்.

"ஏன் சார்? கப்பித்தான் பேரு போட்டு வந்த ஒரே தாள் அது."

"அது தப்பு. என் அத்தை அன்னைக்கே சொன்னாங்க, கால் உரசுதுன்னு. நான்தான் கேக்கல."

அந்தோணி ஆச்சரியப்படவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

"மறுநாளே இங்கன வந்துட்டாங்க சார். நாசரேத்துல இருந்து பஸ் பிடிச்சு, கூடையோட. ஒரு வாட்டி டாக்டர்ட்ட காட்டிருங்கன்னு சொன்னாங்க. நான்தான், 'சாரு நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாரேம்மா'ன்னேன். 'அவன் படிச்சவன், அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனாலும் ஒரு வாட்டி காட்டிருங்க'ன்னாங்க. கப்பித்தானுக்கு ரெண்டு இட்லி போட்டுட்டுப் போயிட்டாங்க. நான் காட்டல. உங்க தாளு இருக்குதேன்னு விட்டுட்டேன்."

டீ வந்தது. குடித்தோம். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கோவப்பட மாட்டீங்கன்னா ஒண்ணு கேக்கட்டா சார்?" என்றார்.

"கேளுங்க."

"அன்னைக்கு கப்பித்தான் நேரா போயித் திரும்பி வந்தான்லா. பின்னால இருந்து பாத்தா ரெண்டு காலும் தெரியும்னு நீங்களே சொல்லிருக்கீங்க. நெசமாவே பாத்தீங்களா?"

அத்தை, இதுவரைக்கும் எழுதியதெல்லாம் ஓரளவுக்கு எல்லாருக்கும் தெரிந்தது. இது தெரியாது. கப்பித்தான் நேராக ஓடியபோது நான் குனிந்து இரண்டாம் எண் நாய்க்கு முருகேசன் எழுதிய தாளில் மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். ஷிப்டுக்கு நேரமாகிறதே என்று. நிமிர்ந்தபோது நாய் திரும்பி வந்துகொண்டிருந்தது. போன் இருக்கிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். போன் பக்கவாட்டை மட்டும்தான் ஒழுங்காக எடுத்திருந்தது. மூன்றையும் பார்த்த பிறகுதான் பேனாவைத் திறக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவன் இரண்டைத்தான் பார்த்தான். நீங்கள் பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதினீர்கள். நான் பார்க்காததை மிக நன்று என்று எழுதினேன். ஃபெயில் ஆனது நீங்கள்.

"பாக்கல அண்ணாச்சி" என்றேன்.

அவர் கழன்றுபோன சாக்ஸை எடுத்து நாயின் காலில் மாட்டினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசியில், "அத்தைகிட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல."

"சொல்லிருக்கலாம் சார். அவங்க ஒண்ணும் சொல்லிருக்க மாட்டாங்க."

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் அன்றைக்கு முன்வரிசையில், எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தீர்கள். வாசல் பக்கம் திரும்பி நின்றபடியே சன்னலோரத்துச் சுண்டு விரலைக் கண்டுபிடிக்கிறவர். நான் தலையைக் குனிந்திருந்தது உங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் அந்தச் சுற்றைக் கேட்டீர்களா? நீங்கள் பார்ப்பதற்காக இல்லாமல், நான் பார்ப்பதற்காகவா? அப்படி என்றால் ஏன் அதைச் சொல்லவில்லை? ஆறு பேர் முன்னால் மருமகன் தலைகுனியக் கூடாது என்றா? நான்தான் மருமகன் இல்லை என்று சொல்லிவிட்டேனே, அத்தை.

சங்கத்துச் செயலாளரிடம் நேற்றுப் பேசினேன். உங்கள் தேர்வு முடிவைத் திருத்த வேண்டும் என்றேன். "போனவங்களுக்கு என்ன லைசென்ஸ் தம்பி குடுக்க?" என்று கேட்டார். லைசென்ஸ் வேண்டாம், அந்த 'தேர்ச்சி இல்லை'யை மட்டும் எடுங்கள் என்றேன். பதிவேட்டில் அடித்தல் கூடாதாம், கமிட்டி கூடணுமாம். கூடட்டும். நான் உட்கார்ந்திருப்பேன்.

வேறு செய்தி. உங்கள் நாய் வெள்ளை இப்போது அப்பாவிடம் இருக்கிறாள். சோபாவில் ஏறுகிறாள். நாயை வாசல்படி தாண்ட விடாத உங்கள் அண்ணன் தரையில் உட்கார்ந்துகொண்டு செய்தி பார்க்கிறார். "எப்சி வளத்த பிள்ளை, என்ன செய்ய?" என்கிறார். இன்ஸ்டிடியூட் சாவி இன்னும் அவரிடம்தான். ஸ்டெல்லா அக்கா ஒரு மெஷினை ஞாபகத்துக்குக் கேட்டிருக்கிறாள். கொடுத்துவிடலாமா?

கப்பித்தானுக்கு மருந்து போகிறது. டாக்டரம்மா ஆறு வாரம் பார்க்கலாம் என்றிருக்கிறார். ஓடமாட்டான். நடந்தால் போதும் என்கிறார் அந்தோணி. தாளை அவர் இன்னும் கழற்றவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. அதை அவர் மாட்டியபோது என்னை நம்பி மாட்டினார். அது அங்கேயே இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

மணி ஆறாகப்போகிறது. ஆறரைக்குக் கிட்டங்கியில் வகுப்பு. புதுசாக எட்டுப் பேர் வந்திருக்கிறார்கள், முருகேசனும் உதவிக்கு வருவார். இனி நான் செய்யப்போவதை எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் அவசரத்தில் தாண்டிப்போய்விடுவேன், என்னை உங்களுக்குத் தெரியும்.

1. இன்றைய வகுப்பில் படம் காட்டுவதற்கு முன்னால் போனைக் கவிழ்த்து வைத்து அந்தப் பதினாறு விநாடியை ஒலிக்கவிடுவேன். எத்தனை உரசல் என்று எண்ணச் சொல்வேன். ஒன்பது வரும் வரைக்கும் திரும்பத் திரும்ப.

2. உங்கள் தாளை வாசிப்பேன். அதன் கீழே நான் எழுதியதையும். நான் குனிந்திருந்ததையும் சொல்வேன், முருகேசன் இருக்கும்போதே.

3. என் வகுப்பில் ஒவ்வொரு நாயும் இரண்டு பக்கமும் சுற்றும். வலது பக்கத்தை இனிமேல் கர்த்தரிடம் விடமாட்டேன்.

4. கமிட்டி கூடும்போது உங்கள் தாளின் நகலோடு போவேன். ஒரு தடவை முடியாது என்றால் அடுத்த தடவையும் போவேன்.

5. சனிக்கிழமைதோறும் கப்பித்தானை டாக்டரம்மாவிடம் அழைத்துப்போவது என் பொறுப்பு. அந்தோணியிடம் சொல்லியாயிற்று. ஐஸ் பிளாண்டில் லீவு கேட்க வேண்டாம் என்றேன்.

6. கயத்தாறில் அடுத்த கண்காட்சி நடக்கும்போது உங்கள் டிபன் கூடையை நாசரேத்திலிருந்து எடுத்துவருவேன். கயிற்றுக்கு வெளியே வைக்கமாட்டேன். நடுவர் மேஜைக்குப் பக்கத்தில், உள்ளே.

7. வேலைக்குப் போவதற்கு முன்னால் சாப்பிடுவேன்.

8. அடுத்த ஞாயிறு வகுப்பு முடிந்ததும் நாசரேத்துக்கு வருவேன். கல்லறைத் தோட்டத்தில் உங்கள் பக்கத்தில் நின்று, நான் பார்க்கவில்லை அத்தை என்று வாய்விட்டுச் சொல்வேன். அப்போது என்னை சார் என்று கூப்பிடாதீர்கள்.

இப்படிக்கு,
வகுப்பிலும் வெளியிலும் உங்கள் மருமகன்
சாமு